தேவானையின் வலது கை

மந்தைவெளியில் தேவானைக்கு ரவிக்கை தைக்கிறவர் அவளை அளவெடுப்பதில்லை. இடது பக்கத்தை மட்டும் அரை அங்குலம் கூட்டி வெட்டிவிடுவார். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை இடது இடுப்பில் ஏற்றி ஏற்றி அவள் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. இடுப்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், வலது தோள் இறங்கியிருக்கும். வெறுமனே நிற்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தை அவள்மேல் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

இதில் யாருக்கும் எந்த வருத்தமும் இருந்ததில்லை. ஆயா வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் லீவைப் பற்றிப் பேசுவார்கள், வெற்றிலை போடுவாயா என்று கேட்பார்கள், கையை நன்றாகக் கழுவுவாயா என்று கேட்பார்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அவள் வளர்த்த பிள்ளைகள் ஆறு பேர். கோபாலபுரத்தில் இரண்டு, மயிலாப்பூரில் மூன்று, தி.நகரில் ஒன்று. மூத்தவன் இப்போது மீசை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறான்; அவளைப் பார்த்தால் தெரிந்தவன் மாதிரி சிரிப்பான், நிற்க மாட்டான். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம் அவளிடம் இருந்தது ஏழாவது பிள்ளை, ஸ்ரீகிருஷ்ணா. வீட்டில் கிச்சா. ஒன்றரை வயது, பதினோரு கிலோ. லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. அம்மா ஜானு வங்கியில் அதிகாரி. அப்பா வெங்கடரமணன் நந்தனத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர்.

கிச்சாவுக்கு வீட்டுக்குள் சோறு இறங்காது. தெருவுக்குக் கொண்டு வரவேண்டும். ஒரு வாய்க்கு ஒரு காகம், அடுத்த வாய்க்கு ஒரு ஆட்டோ, மூன்றாவது வாய்க்கு தெருமுனையில் சுயம்புலிங்கத்தின் இஸ்திரி வண்டி. முக்கால் மணி நேரத்தில் கிண்ணம் காலியாகும். அதற்குள் பிள்ளை துள்ளித் துள்ளி இடுப்பிலிருந்து நழுவுவான். இடது கை அவன் முதுகுக்கு. நழுவுகிற தொடையை மேலே தூக்கித் தூக்கிவிட வலது கை. ஊட்டுவதும் அதே வலது கைதான். பிறகு மூன்று மாடி ஏறினால் அவளுக்கு இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு கம்பியை இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த வீட்டில் இருவேளையும் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துப் போகிறவள் முத்தம்மா. அவளை அங்கே சேர்த்துவிட்டதே தேவானைதான். அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருவருக்கும் ஒரே சுவர். தேவானையின் புருஷன் போய்ச் சேர்ந்தபோது அவள் மகள் கயலுக்கு ஆறு மாதம். முதல் ஆயா வேலை கிடைத்தது. ஆனால் சொந்தப் பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது என்றுவிட்டார்கள். முத்தம்மா கயலை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாலு வீட்டுப் பாத்திரம், இரண்டு வருஷம். கயல் முதலில் அம்மா என்று கூப்பிட்டது முத்தம்மாவைத்தான். இன்று கயலைத் திருவான்மியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. தீபாவளிக்குப் புடவை எடுத்தால் அவள் இரண்டு அம்மாவுக்கும் எடுப்பாள்.

ஜூன் மாதத்தில் ஜானுவின் தங்கை மஹதி வந்து சேர்ந்தாள். மூன்று வருஷமாக வெளிநாடுகளில் எங்கெங்கோ சுற்றிவிட்டு, முதுகில் ஒரு மூட்டையோடு. மூட்டையைப் பிரித்தாள். துணிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு அகலமான பட்டை. அதன் ஒரு பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்த சின்னப் பலகை, அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சின்னம்மா இது?"

"இடுப்புல கட்டிக்கோங்கோ. கொழந்தை இதுமேல ஒக்காந்துப்பான். அங்கெல்லாம் அம்மா அப்பா ரெண்டு பேருமே இதைக் கட்டிண்டு ரோட்ல நடக்கறா. வெயிட்டெல்லாம் பெல்ட்டுக்குப் போயிடும்."

"பெல்ட்டுக்குப் போனா, பெல்ட்டு எங்க போகும்? என் இடுப்புக்குத்தான?"

மஹதி சிரித்துக்கொண்டே அவள் புடவைக் கொசுவத்தைத் தள்ளி, பட்டையைச் சுற்றி இறுக்கினாள். ஒட்டுப்பட்டையை இழுத்தபோது கர்ரென்று சத்தம் வந்தது. கிச்சாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. பலகைமேல் ஏற்றியதும் மகாராஜா மாதிரி உட்கார்ந்தான்.

தேவானை கீழே போனாள். இஸ்திரி வண்டி வரை நடந்தாள். சுயம்புலிங்கம் பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டுப் பார்த்தான்.

"என்னக்கா, பஸ்ல கண்டக்டராயிட்டீகளா? மந்தவெளிக்கு ஒரு டிக்கெட் கிழிங்க."

"சில்ற இல்ல, எறங்கு," என்றாள் தேவானை.

மூன்று மாடியும் ஏறினாள். கம்பி இழுக்கவில்லை. பலகை பிள்ளையைத் தாங்கியது. பிள்ளை நழுவவில்லை. இடது கையை லேசாக அவன் முதுகில் வைத்தால் போதும். வலது கைக்கு வேலையே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கை பக்கத்தில் சும்மா தொங்கியது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் தாங்காமல், சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து ஒரு துடை துடைத்துக் காட்டினாள்.

"இத்த பாரும்மா! புள்ள இடுப்புல கீது, கை சும்மா கீது!"

ஜானுவும் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சொல்லை அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்பது தேவானைக்கு அப்போது தெரியாது.

முதலில் துணி மடிப்பது வந்தது. "தேவானை, கை சும்மாத்தானே இருக்கு, இதை மடிச்சுடேன்." மடித்தாள். அதற்கென்ன? பிறகு பீன்ஸ் நறுக்குவது. பிறகு தண்ணீர் லாரி வந்தால் கீழே போய்க் குடத்தை வைத்து இடம் பிடிப்பது. பிறகு கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்பது. பிள்ளை இடுப்பில் இருப்பதால் முன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஜானு கண்டுபிடித்திருந்தாள். பிறகு காபி டம்ளர்களை அலம்பி வைப்பது. ஒவ்வொன்றும் சின்ன வேலை. எதையும் மாட்டேன் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. ஒரு நாள் தோசையைத் திருப்பிப் போடச் சொன்னாள். தேவானை தோசைத் திருப்பியை எடுத்த நேரத்தில் கிச்சா பலகையிலிருந்து எம்பிக் கல்லைத் தொடப் போனான். அவள் சட்டென்று திரும்பியதில் அவளுடைய முழங்கைதான் கல்லில் சுட்டுக்கொண்டது.

"பாத்து செய்யக் கூடாதோ? கொழந்தைக்குப் பட்டிருந்தா?" என்றாள் ஜானு.

தேவானை முழங்கையைத் தண்ணீரில் காட்டினாள். செய்தித்தாளை இறக்கிப் பார்த்த வெங்கடரமணன் மறுபடி அதை உயர்த்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஜானு அந்தப் பட்டையைத் தான் கட்டிக்கொண்டு, பிள்ளையை ஏற்றி, பால்கனியில் போட்டோ எடுத்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டாள். இடுப்பு வலிக்கிறதாம்.

ஆகஸ்ட் முதல் தேதி முத்தம்மா வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று தேவானை நினைத்தாள். தொட்டியில் கிடந்த பாத்திரங்களை, கேட்காமலே, அவளே தேய்த்துவைத்தாள். பாவம், முத்தம்மா திட்டு வாங்கக்கூடாதே என்றுதான்.

மறுநாள் விடியற்காலை ஆற்றங்கரையில் தண்ணீர்த் தொட்டி வரிசையில் முத்தம்மா நின்றாள். காய்ச்சலெல்லாம் இல்லை.

"இன்னா முத்தம்மா, நேத்து வரல?"

முத்தம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "வாம்மா, மூணு கைக்காரி. ஒனுக்குத் தெரியாது?"

"இன்னா தெரியாது?"

"அம்மா சொல்லிட்டாங்க. 'இனிமே நீ வாணாம், தேவானையே எல்லாத்தையும் பாத்துக்கறா'ன்னு. நீதான் சொன்னியாமே, கை சும்மா கீதுன்னு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னது அவள்தானே. அதே சொல்தானே.

"நான் சொன்னது அதுக்கில்லடி..."

"பின்ன எதுக்கு? ஒம் பொண்ண இடுப்புல வெச்சிகினு நாலு வூட்டுப் பாத்திரம் தேச்சேனே, அன்னிக்கு எவளாவது எனுக்குப் பலகை குட்த்தாளா? புள்ளயும் வெச்சிகினு வேலயும் செஞ்சேன். ஆனா எவ வேலயயும் புடுங்கல." முத்தம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் குடத்தில் பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

ஆற்றங்கரையிலிருந்து மந்தைவெளி, மந்தைவெளியிலிருந்து லஸ். தினமும் நடக்கிற தூரம்தான். அன்று அவளுக்கு வழியில் எதுவும் தெரியவில்லை. முதலில் தன்மேலேயே கோபம் வந்தது. என்ன திமிர் எடுத்து அந்தத் துணியைக் கையில் எடுத்தேன்? மாதா கோயில் தாண்டும்போது அந்தக் கோபம் திரும்பி நின்றது. ஒரு மேஜையைத் துடைத்தேன். அதற்காக? பிள்ளை பார்க்கத்தான் என்னை வைத்தார்கள். வலி குறையட்டும் என்று ஒரு பலகையைக் கொடுத்தார்கள். வலி குறைந்த இடத்தை அளந்துபார்த்து, அந்த இடத்தில் இன்னொருத்தியின் வேலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே! அதையும் என் வாயால் சொன்னதாகச் சொல்லி!

மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினாள். ஜானு வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மஹதி தரையில் உட்கார்ந்து கிச்சாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"முத்தம்மாவ நிறுத்திட்டீங்களாம்மா?"

"ஆமா, சொல்லணும்னே இருந்தேன். மூணு பேர் பாத்திரத்துக்குத் தனியா ஒரு ஆள் எதுக்கு? நீ ஆத்துல சும்மாத்தானே நிக்கறே."

"சும்மா நிக்கறனா? புள்ளய வெச்சிகினு நிக்கறேன்."

"அதான் பெல்ட் இருக்கே. நீயேதானே சொன்னே, கை சும்மா இருக்குன்னு."

"சும்மா இருக்கட்டுமேம்மா!" குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பத்தொம்போது வருசமா வேல செஞ்ச கை. ரெண்டு மாசம் சும்மா இருந்தா ஒங்களுக்கு இன்னா கஷ்டம்? அத்தப் பாத்தா ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

ஜானு கைப்பையை மேஜைமேல் வைத்தாள். "என்ன பேசறே நீ? ஒன் சௌகரியத்துக்குத்தானே மஹதி அத்தனை தூரத்துலேர்ந்து தூக்கிண்டு வந்தா?"

"இடுப்புக்குன்னு குட்த்தாங்க, வாங்கிகினேன். கைக்கு வேலன்னு எப்ப பேசினீங்க?"

மஹதி தலை நிமிர்ந்தாள். "அக்கா, அவங்க சொல்றது சரிதானே? நான் இதுக்காகவா..."

"நீ சும்மா இரு. ரெண்டு மாசத்துல நீ பாட்டுக்கு எங்கேயாவது போயிடுவே. ஆத்தை நடத்தறது நான்."

மஹதி வாயை மூடிக்கொண்டாள். நியாயம் தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிறவர்கள் அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்.

தேவானை கொடியில் தொங்கிய பட்டையை எடுத்து, கர்ரென்று பிரித்து, சுருட்டி ஜானுவின் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கிச்சாவைத் தூக்கி இடது இடுப்பில் ஏற்றினாள். இடது கை முதுகில், வலது கை தொடையில்.

"முத்தம்மா வர்ற வரைக்கும் இது வாணாம்மா. எனுக்கு ரெண்டு கையும் புள்ளைக்குத்தான்."

சொன்னபடியே செய்தாள். பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தெருவில் காகம் காட்டினாள். தோளில் தூங்கவைத்துப் படுக்கையில் கிடத்தினாள். கிடத்திவிட்டு, விழித்தால் தூக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மற்றபடி அந்த வீட்டில் இருந்த எந்தப் பொருளுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. தொட்டியில் பாத்திரம் ஏறியது. டெலிபோன் அடித்து ஓய்ந்தது. சனிக்கிழமை ஜானு குளியலறையிலிருந்து கத்தினாள்.

"தேவானை! பால் பொங்கற சத்தம் கேக்கறதே! பாக்கறியா?"

"பாத்துகினுதாம்மா கீறேன். நல்லா பொங்குது."

மஹதி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பு இல்லாததால் சட்டை நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள். நாலு பாத்திரத்தோடு எழுந்துவிட்டாள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மூன்று மாடி, ஒரு நாளைக்கு நாலு தரம், பதினோரு கிலோ. இரண்டு மாதம் சுகம் கண்ட இடுப்பு முன்னைவிட மோசமாக வலித்தது. மாலை வீட்டுக்குப் போனதும் தேவானை குப்புறப் படுத்துவிடுவாள். எழுந்து உலை வைக்க அரைமணி ஆகும். அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்தம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை வராது. மந்தைவெளியில் ஒரு மெஸ்ஸில் அண்டா தேய்க்கப் போகிறாள் என்று பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். அண்டா என்றால் உள்ளே தலையை விட்டுத் தேய்க்க வேண்டும். அவளுக்கும் வயது நாற்பத்தைந்து.

ஜானு வேறு ஆள் தேடினாள். மாலையில் ஆயாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவருகிற பூங்காவுக்கே போய், அங்கே வருகிற இன்னொரு ஆயா ஜைதூன் பீயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஜைதூன் பீ மறுநாள் அதை தேவானையிடம் நடித்தே காட்டினாள்.

"'ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், ரொம்ப சௌகரியம்'ங்கறாங்க ஒங்கம்மா. நான் சொன்னேன், 'மேடம், பெல்ட்டு கட்டுறேன், புள்ளய பாத்துக்கறேன். ஃப்ரீயா இருக்கற கையில தஸ்பி மணி எண்ணிக்கினு இருப்பேன். பாத்திரத்துக்கு வேற ஆளப் பாருங்க'ன்னு. ஒங்கம்மா மூஞ்சி போன போக்கப் பாக்கணும்!"

"இன்னா சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்க? 'நீங்கள்லாம் ஒண்ணு சேந்துண்டேளா'ன்னு கேட்டாங்க. இல்லீங்க மேடம், எங்க எல்லாருக்கும் ஒரே எடத்துல வலிக்குது, அவ்ளோதான்னேன்."

மறுநாள் பொழுது சாய்கிற நேரம். தேவானை வழக்கம்போல் குப்புறக் கிடந்தாள். சந்துக்குள் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், அந்தச் சந்தில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"முத்தம்மா, இருக்கியா? நான்தான், ஜானு."

உள்ளே வாங்க என்று முத்தம்மா சொல்லவில்லை. தேவானை தலையை மட்டும் தூக்கினாள்.

"நாளையிலேர்ந்து வந்துடேன். பழையபடியே."

"மெஸ்ஸுல சேந்துட்டேனேம்மா."

"அங்க அண்டா தேய்க்கறயாமே, கஷ்டம். இங்க மூணு பேர் பாத்திரம். தேவானைதான் வீணா பிடிவாதம் பிடிச்சுண்டு, கொழந்தைய வெச்சுண்டு ஒரு டம்ளரைக்கூட நகத்த மாட்டேங்கறா..."

"அவளப் பத்தி எங்கிட்ட பேசாதீங்கம்மா," என்றாள் முத்தம்மா. "அது எங்களுக்குள்ள."

ஆற்று நாற்றத்துக்கு ஜானு மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாள் என்று தேவானை நினைத்துக்கொண்டாள். பிறகு முத்தம்மா சொன்னாள்.

"வர்றேன். ஆனா ஞாயித்துக்கெழம வரமாட்டேன். இஷ்டமிருந்தா சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழமை பாத்திரம்?"

"அன்னிக்கு நீங்க வூட்லதானம்மா இருக்கீங்க."

மறுநாள் காலை தேவானை மேலே ஏறிப் போனபோது முத்தம்மா தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தேவானை கிச்சாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாதக் கிண்ணத்துக்காகச் சமையலறை வாசலில் நின்றாள். ஜானு கிண்ணத்தை நீட்டினாள்.

"பாரு, ஒனக்காகத்தான் அவளைத் திரும்பக் கூப்ட்டேன். இப்போ திருப்திதானே?"

இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த கோபம் அவ்வளவும் தேவானைக்குத் திரும்ப வந்தது. தள்ளினதும் இவர்கள், கூப்பிட்டதும் இவர்கள், அதற்கு நான் கும்பிட வேண்டுமாம்.

"எனுக்காக இல்லம்மா. ஒங்க வூட்டுப் பாத்திரத்துக்காக."

ஜானு முகம் சிவந்தது. பதில் வருவதற்குள் தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. முத்தம்மா தேங்காய் நாரைக் கையில் வைத்தபடியே தலையை மட்டும் திருப்பியிருந்தாள்.

"ஏ, அந்தப் பலகைய எடுத்துக் கட்டித் தொல. நிக்கறா பாரு, கீல் ஒடஞ்ச கதவு மாதிரி."

மஹதிதான் ஓடிப்போய்ப் பட்டையைக் கொண்டுவந்தாள். தேவானை அதைச் சுற்றி இறுக்கி, கிச்சாவை ஏற்றிக்கொண்டாள். ஒரு கவளம் ஊட்டிவிட்டு, கிண்ணத்தைப் பிள்ளைக்கு முன்னால் பலகையின் ஓரத்தில் வைத்து இடது கையால் இரண்டையும் அணைத்துக்கொண்டாள். வலது கையை வீசிக்கொண்டு மாடி இறங்கினாள். தெருவில் பாதி தூரம் போயிருப்பாள். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஜானு கூப்பிட்டாள்.

"தேவானை! அப்படியே முனைக் கடையில கறிவேப்பிலை வாங்கிண்டு வந்துடு!"

தேவானை நின்றாள். திரும்பி அண்ணாந்து பார்த்தாள். காலியாக இருந்த வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, தெரு முழுக்கத் தெரியும்படி ஆட்டினாள்.

"கை இல்லம்மா!"